கத்தாத பஸ்ஸர்

நல்லுசாமிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? இருபத்திரண்டு வருடமாகக் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். லைசென்ஸ் தொடர வேண்டுமென்றால் அவரும் ஒருநாள் வகுப்பில் உட்கார வேண்டுமாம். அதுகூடப் போகட்டும். வகுப்பெடுக்கும் பூங்கோதைக்கு அவர் மகள் வயது. அவள் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சான்றிதழ்ல கையெழுத்துப் போட முடியாதுங்கண்ணே, பிரேக் சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டாள்.

"மிதிச்சா நிக்குது. வேற என்னங்க வேணும்? எத்தனை கணவாய் இறங்கியிருப்பேன், ஒரு கீறல் உண்டா? நீங்க கையெழுத்துப் போடலைன்னா என் சோத்துல மண்ணு."

வண்டி உருளாமல் இருக்கப் பூங்கோதை சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள்.

"இன்ஜினை நிறுத்துங்க. சாவி ஆன்லயே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டுப் பெடலை மிதிச்சுப் பிடிங்க."

பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் முள் எட்டிலிருந்து சற்றே இறங்கியது. ஒரு நிமிடம் ஆகியும் அங்கேயே நின்றது.

"எங்கயாவது காத்து ஒழுகுதா?" நல்லுசாமி நக்கலாகக் கேட்டார்.

"இல்ல. இப்ப விட்டு விட்டு மிதிங்க."

மிதிக்க மிதிக்க உஸ்ஸென்று காற்றுப் போனது. முள் ஏழுக்கு வந்தது, ஆறுக்கு வந்தது, ஐந்தையும் தாண்டியது. வண்டிக்குள் வேறு சத்தமே இல்லை.

"காத்து அஞ்சுக்குக் கீழ போனா எச்சரிக்கை பஸ்ஸர் கத்தணுமே?"

"அந்த ஒயரை நான்தான் வெட்டினேன்," என்றார் அவர், ஒளிக்காமல். "தினம் காலையில காத்து ஏறுற வரைக்கும் காதைக் குடையும். காத்துப் போனா இப்ப என்ன? பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானா பூட்டிக்காதா?"

"பூட்டிக்கும். கணவாய் இறக்கத்துல, வளைவுல, டேங்க் நிறைய கேஸோட. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம."

"முள்ளைப் பார்க்க எனக்குக் கண்ணு இல்லையா?"

"வளைவுல கண்ணு ரோட்டுல இருக்குமா, முள்ளுல இருக்குமா?"

நல்லுசாமி ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தார். "இத்தனை வருஷம் ஓட்டினவன் ஒரு பஸ்ஸர் சொல்றதைக் கேட்கணுமா? அதைச் சொல்ல நீங்க யாருங்க?"

பூங்கோதைக்கு முகம் சிவந்துவிட்டது. குரல் மட்டும் ஏறவில்லை.

"காலையில இருந்து கத்துறீங்க. என் காதையும்தான் குடையுது. சோறு போயிடும்னு கத்துறவர் வாயை நான் அடைச்சேனாங்கண்ணே?"

நல்லுசாமி டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, வெட்டிய ஒயரின் நுனியைத் தேடினார்.