யானைக்காரன் சொன்ன யானை

பூசலங்குளம் ஜமீன்தாரைச் சதுரங்கத்தில் ஜெயித்துவிட்டு அந்த ஊரில் எவன் குடியிருப்பான்? அதனால் அவர் தோற்றதே இல்லை. ஒருநாள் அவர், அரண்மனைக் கிழட்டு யானை மருதாயியை மரம் இழுக்க மலைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். பாகன் செவத்தையா ஓடிவந்து காலில் விழுந்தான்.

"என்னோட ஒரு ஆட்டம் ஆடுலே. ஜெயிச்சா யானை இங்கேயே இருக்கட்டும்."

"எசமானை ஜெயிக்க நம்மால ஆகுமா? தோக்காம இருந்தா போதும்னு வைங்க."

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்துச் சம்மதித்தார்.

உச்சிப்பொழுதுக்குள் பாகனிடம் மிஞ்சியது பலகை ஓரத்தில் ஒண்டிய ராஜா ஒன்றுதான். ஜமீன்தாரிடம் ராஜாவும், கடைசிக் கட்டத்தில் கால் வைக்கப்போகும் ஒரு சிப்பாயும். அங்கே போய்ச் சேர்ந்த சிப்பாயை, பலத்தில் முதலாவதான ராணியாகவோ யானை போன்ற வேறு காயாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

"என்னவா மாத்தட்டும்? நீயே சொல்லுலே!"

"யானையா மாத்துங்க எசமான், அது போதும்."

சபையே கொல்லென்று சிரித்தது. "யானைக்காரன் புத்தி யானையைத் தாண்டுமா!" என்று ஜமீன்தார் ராணியை எடுத்து டங்கென்று வைத்தார். "ஆடுலே!"

"எங்க ஆட? ராஜாவுக்குச் செக்கும் இல்ல, நகர இடமும் இல்ல. எல்லா வழியையும் உங்க ராணி அடைச்சிருச்சு. அப்படின்னா ஆட்டம் சமன். போன மாசம் தாசில்தார்கிட்ட தோக்கப்போனப்ப, இதே சட்டத்தைச் சொல்லித்தானே தப்பிச்சீங்க?"

சபை இப்போது சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது.

"ஏலே, யானையா மாத்தியிருந்தா?"

"யானை மூலைவாக்குல போகாது, என் ராஜா நகர ஒரு இடம் மிஞ்சியிருக்கும்; ஆட்டம் சமனாகாது, உங்க அடுத்த நகர்த்தல்லயே நான் காலி. அதைத்தான் வாய்விட்டுச் சொன்னேன் எசமான். என் பேச்சை நீங்க கேக்கமாட்டீங்கங்கிற தைரியந்தான்!"