படத்துல சத்தமே வராத இடம்

ஜெபம் சொல்லியாச்சா? சரி, காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், என்ன? "ம்" நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு லைன்மேன் இருந்தான். பேரு சவரிராயன். வாரம் பூரா கரண்ட் கம்பத்துல ஏறுறதும் இறங்குறதும்தான் அவன் வேலை. மேலயும் கீழயுமாவே போய்க்கிட்டு இருந்த மனுஷனுக்கு, ஞாயித்துக்கிழமை வந்தா நேரா ஒரு போக்குப் போகணும்போல இருக்கும். அதுக்குன்னே ஒரு பச்சை சைக்கிள் வெச்சிருந்தான்.

காலையில கோயில்ல பூசை பார்த்துட்டு வருவான். வந்ததும் சைக்கிளைத் துடைப்பான், செயினுக்கு எண்ணெய் விடுவான், புஸ் புஸ்னு காத்தடிப்பான். அவன் பொண்டாட்டி ஜெயராணி வாசல்ல நின்னு, "பெத்த பிள்ளையை ஒரு நாளாவது இப்படிக் குளிப்பாட்டிருக்கீங்களா?"ன்னு கேப்பா. "அவன் சோப்பைப் பார்த்தாலே ஓடிருதான். இதுதான் சொன்ன இடத்துல நிக்குது"ம்பான் இவன்.

"நீயும் வாயேன், கேரியர்ல உக்காரு"ன்னு கூப்பிடுவான். அவ, "ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கம்தான் எனக்கு சினிமா. நீங்க போயிட்டு வாங்க"ன்னு அனுப்பி வெச்சிருவா.

அப்புறம் என்ன! நெத்தியில ஒரு சிலுவை போட்டுக்கிட்டு ஏறி உக்காருவான். டிங் டிங். குளத்தங்கரை மேல சர்ர்ருனு போவான். காத்தாடி மரமெல்லாம், அதான் கரண்ட் எடுக்குற பெரிய காத்தாடி, அதெல்லாம் வூஊம் வூஊம்னு சுத்தும். வழியில ஒரு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி. எட்டு மைல் மிதிச்சு அடுத்த ஊர் தியேட்டருக்குப் போய் மத்தியான ஆட்டம் பார்ப்பான். ஒவ்வொரு ஞாயிறும் இதேதான்.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அந்தத் தியேட்டரோட பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் சைக்கிள் ஸ்டாண்டு. அதைப் பார்த்துக்கிட்டது பரிபூரணம்னு ஒரு அக்கா. மூணு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கட்டிக்குடுத்து, அப்புறம் இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்தவ. அட்டையில நம்பர் போட்ட டோக்கனை ரெண்டாக் கிழிப்பா. ஒரு துண்டை ஹேண்டில்ல மாட்டுவா, இன்னொண்ணை உன் கையில குடுப்பா. படம் விட்டதும் துண்டு சேர்ந்தாத்தான் சைக்கிள் வெளிய போகும். ஒரு சைக்கிள் காணாமப் போச்சுன்னா அன்னைக்கே அக்காவுக்கு வேலை போயிரும். முதலாளி அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தார். அதனால ஒன்பது வருஷமா அக்கா அந்த ஸ்டூலை விட்டு நகர்ந்ததே இல்ல.

இந்த சவரிராயன் எப்பவும் முதல் ஆளா வந்துருவான். முதல்ல வந்தவன் சைக்கிள் சுவரோரம் கடைசியில போய் மாட்டிக்கும். அப்போ, எல்லாரும் எடுத்த பிறகுதான் அவன் எடுக்க முடியும். அதுவரைக்கும் அக்காவும் அவனும் பேசிக்கிட்டு நிப்பாங்க.

அந்த வருஷம் ஒரு படம் வந்துச்சு. அம்பது நாளா ஓடுச்சு. அக்கா உள்ள போய் ஒரு தடவைகூடப் பார்க்கல. ஆனா சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்தே முழுப் படமும் அவளுக்கு மனப்பாடம். பாட்டு தெரியும், சண்டை தெரியும், வில்லன் எத்தனை தடவை இருமுவான்னுகூடத் தெரியும்.

ஒரே ஒரு இடம்தான் பிடிபடல.

இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஒரு கடிகாரம் டங் டங்னு பன்னெண்டு அடிக்கும். அப்புறம் ஒரு சத்தமும் வராது. பேச்சு இல்ல, பாட்டு இல்ல, ஒரு இருமல்கூட இல்ல. அப்புறம் திடீர்னு, ஹஹ்ஹஹ்ஹானு, தியேட்டரே இடிஞ்சு விழுற மாதிரி ஒரு சிரிப்பு! அம்பது நாளும் அதே இடத்துல அதே சிரிப்பு.

"அப்படி என்னதான் நடக்குது தம்பி அங்க?"ன்னு அக்கா கேட்டா.

சவரிராயன் சொன்னான்: "அதுவாக்கா, வீட்டுல ஒரு மாமனார். பெரிய மீசை. ஊரையே அதட்டுவார். அவர் மத்தியானம் பூனை மாதிரி அடுப்படிக்குப் போய் ஒரு லட்டைத் திருடி வாயில போட்டுக்குவார். திரும்பினா மருமக நிக்குறா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்க்கா."

"இதுக்கா முந்நூறு பேர் சிரிக்கிறீங்க? எங்க வீட்டுலயும் ஒரு மனுஷன் திருடித் தின்னாரு. நான் ஒரு நாளும் சிரிச்சதில்லயே!"

யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னாங்க. லட்டு, மாமனார், மருமக. அக்காவுக்குச் சிரிப்பே வரல. ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் சிரிக்கிறாங்க. ராத்திரி ஜெபத்துல மாதாகிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் வேண்டிட்டு, "அந்த ஒரு இடத்தை மட்டும் என் கண்ணுல காட்டிரு தாயே"ன்னு கேப்பாளாம். சிரிக்காத, அவளுக்கு அது பெரிய விஷயம்தான்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. சவரிராயன் வந்தான். பார்த்தா, வாசல்ல "இன்றே கடைசி"ன்னு ஒட்டியிருக்கு. மறுநாள் வேற படம். அக்கா மூஞ்சி வாடிக் கிடந்துச்சு.

அப்போ அவன் தன்னோட டிக்கெட்டை அவ கையில வெச்சான். "நான் ஏழு தடவை பார்த்துட்டேன்க்கா. நீங்க போங்க. ஸ்டாண்டை நான் பார்த்துக்கிறேன்."

"ஐயோ, சைக்கிள் போச்சுன்னா?"

"எனக்கு சைக்கிளைப் பத்தித் தெரியாதா? போங்கக்கா."

"ஏதாவது ஒண்ணுன்னா ஒரு சத்தம் குடு. ஓடி வந்துருவேன்."

சேலையை உதறிக்கிட்டு, சாமி கும்பிடப் போறவ மாதிரி செருப்பைக் கழட்டப் பார்த்தா. "செருப்போடவே போகலாம்க்கா"ன்னான் இவன். போனா.

இவன் ஸ்டூல்ல உக்காந்தான். எண்ணிப் பார்த்தான், நாப்பத்தி மூணு சைக்கிள். "அந்தோணியாரே, எதுவும் தொலையாமப் பார்த்துக்கோ"ன்னான். ம்?

"ம்."

அப்போ காத்து வந்துச்சு. ஊஊஊன்னு. ஓரத்துல நின்ன ஒரு சைக்கிள் லேசா ஆடுச்சு. பக்கத்து சைக்கிள் மேல சாஞ்சுச்சு. அது அடுத்தது மேல. தட தட தட தடதடதடனு நாப்பத்தி மூணும் படுத்துருச்சு! போச்சு, அக்கா ஓடி வந்துருவான்னு பயந்துட்டான். ஆனா உள்ள அந்த நேரம் பார்த்து சண்டைக் காட்சி. டிஷ்யூம், டமார், தொபுக்! அந்தச் சத்தத்துல இந்தச் சத்தம் கரைஞ்சு போச்சு. ஒவ்வொண்ணாத் தூக்கி நிமிர்த்தினான். ஹேண்டில் கூடைக்குள்ள, பெடல் கம்பிக்குள்ள, ஒரே சிக்கல். தூக்கும்போது ஒரு பழைய கறுப்பு சைக்கிள் மட்டும் சளக் சளக்னுச்சு. 'இது செயின் தொங்குது, இறுக்கி மிதிச்சா கழண்டுரும்'னு மனசுல நெனச்சுக்கிட்டான்.

நிமிர்த்தி முடிச்சு வேர்வையைத் துடைக்கிறான், பின்னால கருக் முருக்னு ஒரு சத்தம். திரும்பினா ஒரு ஆடு! அந்தக் கறுப்பு சைக்கிள்ல மாட்டியிருந்த டோக்கனைத் தின்னுக்கிட்டு நிக்குது. "ஏய், ஏய், குடு!" ஓடிப் போய்ப் பிடுங்கினான். கையில வந்தது வெறும் நூலு. ஆடு அவனைப் பார்த்து ம்மேன்னுட்டுப் போயிருச்சு.

அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி. முதல் ஆளா ஓடி வந்தது யாரு? அக்காதான். "தம்பி, எல்லாம் இருக்கா?"

இவன் அந்தக் கறுப்பு சைக்கிளை மறைச்சுக்கிட்டு நின்னான். "இருக்குக்கா. ஒரு ஈ காக்காகூட வரல." பொய் சொல்லல பாரு, ஆடுதானே வந்துச்சு.

"நீ ஏன் இப்படி வேர்த்திருக்கே?"

"வெயிலுக்கா. போங்க, இடம் போயிரும்."

அவ போயிட்டா. ஆனா சோடா குடிக்க வெளிய வந்த ஒருத்தன் இதையெல்லாம் பார்த்துக்கிட்டே நின்னான். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. டோக்கன் இல்லாத சைக்கிள் ஒண்ணு நிக்குறதை நல்லாப் பார்த்து வெச்சுக்கிட்டான். படம் திரும்ப ஆரம்பிச்சு, கூட்டமெல்லாம் உள்ள போனதும், மெதுவா வந்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கறுப்பு சைக்கிள் நம்மளது. டோக்கன் எங்கயோ விழுந்துருச்சு. எடுத்துக்கிறேன்."

அப்போ சுவருக்கு அந்தப் பக்கம் கடிகாரம் அடிக்க ஆரம்பிச்சுச்சு. டங். டங்.

சவரிராயன் சுவரைப் பார்த்தான். 'அக்கா'ன்னு ஒரு சத்தம் போட்டா ஓடி வந்துருவா. எந்த சைக்கிள் யாருதுன்னு ஆளைப் பார்த்தே சொல்லுவா. ஆனா ஒன்பது வருஷம் உக்காந்தவ, அம்பது நாள் ஏங்கினவ, அந்த ஒரு இடம் போயிருமே! கூப்பிடலேன்னா சைக்கிள் போயிரும். சைக்கிள் போனா அவ வேலை போயிரும். என்ன செய்வான் பாவம்? நீயா இருந்தா என்ன செய்வே?

"...கூப்பிட மாட்டேன்."

ஆங். அவனும் கூப்பிடல. குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பேசுங்க"ன்னான்.

"ஏன்?"ன்னு அவனும் மெதுவாக் கேட்டான்.

"உள்ள படம் ஓடுது."

"சரி, சைக்கிள்?"

"தாராளமா எடுத்துக்கோங்க. ஒரே ஒரு ரவுண்டு இங்கயே மிதிச்சுக் காட்டிட்டுப் போங்க. உங்க சைக்கிளுக்கு உங்க காலைத் தெரியாதா?"

"இவ்வளவுதானா?"ன்னு அந்த ஆள் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டான். சைக்கிளை இழுத்தான். பெரிய பந்தயக்காரன் மாதிரி தாவி ஏறினான். டங்னு பன்னெண்டாவது மணி அடிச்சு ஓஞ்சுச்சு. உள்ள ஒரு சத்தமும் இல்ல. வெளிய ஒரு சத்தமும் இல்ல. அவன் ஓங்கி ஒரு மிதி மிதிச்சான் பாரு!

கடக்!

செயின் கழண்டுச்சு. பெடல் கிறுகிறுன்னு சுத்துச்சு. ஆளு இந்தப் பக்கம் சாஞ்சான், அந்தப் பக்கம் சாஞ்சான், தொப்புன்னு மண்ணுல உக்காந்தான். கண்ணாடி ஒரு காதுல தொங்குது.

அந்த நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கம், ஹஹ்ஹஹ்ஹஹ்ஹா! முந்நூறு பேர்!

அந்த ஆள் வெலவெலத்துப் போயிட்டான். ஊரே தன்னைப் பார்த்துத்தான் சிரிக்குதுன்னு நெனச்சுட்டான். சுவரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், எழுந்தான். ஓடினான் ஓடினான், திரும்பியே பார்க்காம ஓடினான்.

சவரிராயன் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சான். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் உக்காந்து செயினை மாட்டினான். கையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

படம் விட்டுச்சு. அக்கா வந்தா. முந்தானையால வாயை மூடிக்கிட்டு வந்தா. பேச முடியல அவளால. தோளு ரெண்டும் குலுங்குது.

அம்பது நாளா அவ எல்லாரையும் கேட்டவதானே? சைக்கிள் எடுக்க வந்தவங்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். "என்னக்கா, பார்த்துட்டியா? லட்டு எப்படி?"ன்னு சுத்தி நின்னுக்கிட்டாங்க.

அக்கா நடுவுல வந்து நின்னா. முந்தானையைச் சொருகிக்கிட்டா. மீசையை முறுக்குற மாதிரி முறுக்கினா. கால் நுனியில ரெண்டு எட்டு வெச்சா. ஒண்ணை எடுத்து வாயில போட்டா, கன்னம் புடைச்சுக்கிச்சு. திரும்பினா. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. கண்ணு ரெண்டும் உருண்டுச்சு.

தியேட்டருக்குள்ள சிரிச்சதைவிட ஜாஸ்தி சிரிச்சாங்க. சைக்கிளை எடுக்க ஒருத்தருக்கும் மனசு வரல. "இன்னொரு தடவைக்கா!"ன்னு ஒரே சத்தம்.

அப்புறம் ஒவ்வொருத்தராக் கிளம்பினாங்க. ஒரு பெரியவர் டோக்கனை நீட்டிக்கிட்டுக் கறுப்பு சைக்கிள்கிட்ட வந்தார். "ஐயா, பார்த்து மிதிங்க, செயின் தொங்குது"ன்னான் சவரிராயன். "யாருக்கப்பா சொல்றே? பதினாலு வருஷமா இதைப் பூ மாதிரிதான் மிதிக்கிறேன்"னுட்டு, மெல்ல ஒரு காலை வெச்சு, மெல்ல மறு காலை வெச்சு, தென்றல் மாதிரி போனார்.

அப்போதான் அவன் காத்து, ஆடு, கண்ணாடிக்காரன் எல்லாத்தையும் ஒப்பிச்சான். அக்கா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டா. "என்னை ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா லட்டு போயிருமேக்கா."

அக்கா ஸ்டூல்ல உக்காந்தா. அப்புறம் கேட்டா: "ஏன் தம்பி, அந்த மருமக ஒரு செம்புல தண்ணி மொண்டு குடுத்தாளே. அதை ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"தண்ணியா?"

"ஆமா. எல்லாரும் சிரிக்கும்போது குடுக்குறா. ஒரு வார்த்தை பேசாம குடுத்துட்டு, அவர் குடிக்கிறதைப் பார்க்காம திரும்பிக்கிறா. அவர் வெக்கப்படக் கூடாதுன்னு."

சவரிராயன் யோசிச்சுப் பார்த்தான். ஏழு தடவை பார்த்த படம். ஏழு தடவையும் அந்த இடத்துல அவன் கண்ணை மூடிச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

"அவளும் அந்த வீட்டுக்கு வந்த புதுசுல எதையோ ஒளிச்சுத் தின்னு விக்கினவளாத்தான் இருக்கணும். இல்லாட்டி அவ்வளவு வெரசா செம்பு எடுக்கத் தோணாது"ன்னா அக்கா.

அவன் கடைசி ஆளா பச்சை சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினான். பொழுது சாயுற வெயில், பின்னாலேர்ந்து தள்ளிவிடுற காத்து. எட்டு மைலும் ஒரு மிதிகூடக் கஷ்டமா இல்ல. வீட்டுக்கு வந்ததும் ஜெயராணி, "படம் எப்படி?"ன்னு கேட்டா. "இன்னைக்குத்தான் முழுசாப் பார்த்தேன்"ன்னு சொல்லிட்டு, ஒரு செம்பு தண்ணியை மொண்டு அவ கையில குடுத்தான். "எனக்கு எதுக்கு?"ன்னா அவ. "சும்மா, குடி"ன்னான்.

ம் கொட்டு.

ம் இல்லையா? சரி, சரி. நாப்பத்தி மூணு சைக்கிளும் வீடு போய்ச் சேர்ந்துச்சு, கதையும் சேர்ந்துச்சு. மாதா காவல் இருப்பா, நீ தூங்கு கண்ணு.