தள்ளி வைத்த பாறை

"குருவே, என் பாதையில இன்னும் என்ன குறை? மறைக்காமச் சொல்லுங்க."

கேட்டவர் இன்னாசி. குரு அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள், பெயர் பர்வீன். கம்ப்யூட்டர் ரயில் விளையாட்டுக்கு நிஜப் பாதைகளை அச்சு அசலாகச் செய்து தருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குருவே என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார். போகப்போக அதுவே நிலைத்துவிட்டது.

அவர் செய்திருந்தது கருமலைப் பாதை. மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன் தூணில் வெற்றிலைக் கறை, பெஞ்சுக்கடியில் தூங்கும் நாய், கேட்கீப்பர் வீட்டுக் கொடியில் காயும் லுங்கி எல்லாம் இருந்தன. மனுஷன் அந்த லுங்கியின் கட்டத்துக்காகவே பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்.

பர்வீன் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள்.

"என்ன குருவே?"

"பயமே வரல அண்ணாச்சி."

"அது நல்லதுதான?"

"நிஜமா அந்த மலையில இறங்கும்போது உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"உசுரே போயிட்டு! முதல் பெட்டி வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தேன். ரெண்டாவது குகையைத் தாண்டுனதும் ஒரு வளைவு. பாறை வந்து அப்படியே மறைச்சிரும்..."

பர்வீன் திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"அந்தப் பாறை எங்க?"

இன்னாசி காதைச் சொறிந்தார். "கொஞ்சம் தள்ளி வெச்சிட்டேன். அதுக்குப் பின்னாலதான சிக்னல் இருக்கு. கண்ணுல படும்போது பிரேக் போடுத நேரம் போயிருது, சிவப்பைத் தாண்டிப் போய் முட்டுதோம்னு விளையாடுத பயலுவ எல்லாம் ஏசுனானுவ. குகையை விட்டு வந்ததுமே சிக்னல் தெரியுத மாதிரி ஆக்கிட்டேன். அப்புறம் ஒரே பாராட்டு."

"யாரெல்லாம் ஓட்டுறாங்க?"

"ஊரு உலகத்துல எல்லாரும். நம்ம ஜெசிந்தாவும்தான்."

சொல்லும்போதே குரலில் பெருமை ஏறியது. மகள் ஜெசிந்தா ரயில்வேயில் உதவி லோகோ பைலட். எஞ்சினில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு.

"இப்பதான் கருமலைக்குப் போட்டிருக்காங்க. பாதை படிக்க எஞ்சின்ல போனது கொஞ்சந்தான், அதுவும் கொட்டுத மழையில. வீட்டுல ஓட்டுனதுதான் நிறைய. அந்தக் குகையைத் தாண்டுனா அவளுக்கு எப்பவும் பச்சைதான். கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன்னு சொல்லுதா. திங்கக்கிழமை முதல் டூட்டி."

பர்வீன் மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

அவருக்குப் புரியாமல் இல்லை. மகள் மனப்பாடம் செய்திருந்தது அவர் மாற்றி வைத்த பாதையை. பாறையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தார். பர்வீன் குனிந்து சிக்னலைச் சிவப்பாக்கினாள்.

"ஜெசியைக் கூப்பிடுங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

ஜெசிந்தா உள்ளறையிலிருந்து சிரித்தபடி வந்து உட்கார்ந்தாள். "என்னக்கா, எனக்குப் பரீட்சையா?"

எஞ்சினில் இருப்பவர்கள் சிக்னல் கண்ணில் பட்டதும் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்லியாக வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் விளையாடும்போதும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

"பச்சை!"

வண்டி இறங்கியது.

"பச்சை!"

முதல் குகை போயிற்று. இன்னாசி நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். விளையாட்டுதானே, திரையில்தானே என்று மனசைத் தேற்றப் பார்த்தார். திங்கட்கிழமை வந்து குறுக்கே நின்றது. மாதாவே, மாதாவே என்று உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாவது குகை. இருட்டு.

வெளிச்சம்.

திரை முழுக்கப் பாறைதான். சிக்னல் இல்லை. வானம்கூட இல்லை.

ஜெசிந்தாவின் கை நீண்டது.

"பச்சை!"

குரலில் ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை. இன்னாசி கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

வண்டி வளைவில் திரும்பியது.

சிவப்பு.

அவள் பதறி பிரேக்கைப் போட்டாள். அந்த இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. சிக்னலைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போனது. முன்னால் நின்ற சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. திரை கறுத்தது.

ஜெசிந்தா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதைப் பாத்துச் சொன்ன ஜெசி?" என்று பர்வீன் மெதுவாகக் கேட்டாள்.

"சிக்னலைப் பாத்துத்தான்க்கா."

அவள் முகம் வெளுத்திருந்தது. அப்பா பக்கம் திரும்பினாள்.

"சத்தியமாப்பா. பச்சையை நான் பாத்தேன்."