கழுத்துல தொங்குன பென்டிரைவ்

சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனாலும் கேளுங்க! எங்க ரத்த வங்கி மேனேஜர் குணாளன் சார் கழுத்துல எப்பவும் ஒரு பென்டிரைவ் தொங்கும். ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட்டோட பேக்கப் அது. தெனம் சாயங்காலம் அவரே காப்பி பண்ணுவாரு, யாரையும் தொடவிட மாட்டாரு.

ஒரு நாள் அவரு கம்ப்யூட்டரோட ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு. உடனே டைப்பிஸ்ட் பூங்கோதை மேல பாஞ்சாரு.

"நீதான் எதையோ அழிச்சுட்ட. நல்லவேளை, எங்கிட்ட பேக்கப் இருக்கு. தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுக் கெளம்பு."

பூங்கோதை பேனாவ எடுத்தா. "எழுதறேன் சார். எத்தனை பேரோட விவரம் அழிஞ்சுதுன்னு எழுதணுமே, பேக்கப்ப என் கம்ப்யூட்டர்ல தொறந்து காட்டுங்க."

சார் ஜம்முனு சொருகினாரு. லிஸ்ட் பேர்ல ஒரு படம் வந்துச்சு, மூலையில குட்டி அம்புக்குறி. அமுக்கினா, ஃபைலக் காணோம்னுச்சு. ரெண்டு வருஷமா சார் காப்பி பண்ணது டெஸ்க்டாப்ல இருந்த ஷார்ட்கட்ட மட்டும்தான்! விலாசத்த எழுதி வச்சுக்கிட்டு வீடே பையில இருக்குன்னு நெனச்ச கதை.

பூங்கோதை அவளா எடுத்து வச்சிருந்த காப்பியத் தொறந்தா. நாலாயிரத்து முன்னூறு பேரும் வந்து நின்னாங்க. பேனாவ சார் பக்கம் நீட்டினா.

"இப்ப யாரு சார் எழுதணும்?"

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"போன மாசமே சொன்னேன் சார். டைப்பிஸ்ட் எனக்குப் பாடம் எடுக்கறாளான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

சார் தலைய குனிஞ்சுக்கிட்டாரு. நாங்களும்தான். அன்னைக்கு எல்லாரையும் விட சத்தமா சிரிச்சது நானு.