மோர் ஊற்றாத இலை

"ஆவுடையக்கா நாளைக்குக் காலைப் பஸ்ஸுல தம்பி வீட்டுக்கே போயிடறாங்களாம்."

"போகட்டும். அவங்க மண்ணுல்லா. எங்க வச்சாலும் இருந்துக்கிடுவாங்க."

சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டே பேசியது, தண்ணீர் எடுக்க வந்த வடிவின் காதில் விழுந்தது. அவள் குடத்தை நிரப்பாமலே திரும்பினாள்.

அது மலையடியில் பெண்கள் மட்டும் தங்கியிருந்த சிறிய மடம். மின்சாரம் அப்போது அதன் வாசல்வரைதான் வந்திருந்தது. வேதவல்லி அம்மாதான் குரு. வடிவைவிட வயதில் சின்னவர். வடிவு அவரை அம்மா என்பாள். அவர் வடிவை அக்கா என்பார்.

வடிவும் ஆவுடையும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஓய்வு பெற்றதும் சேர்ந்தே மடத்துக்கு வந்தார்கள். ஒரே குடிலில் தங்கினார்கள். வடிவு பேசுவாள், ஆவுடை கேட்பாள்.

கார்த்திகையில் ஒரு பெரியவர் வந்து, மனிதர்களின் சுபாவம் நான்கு என்று பேசிவிட்டுப் போனார். நெருப்பு, நீர், காற்று, மண். அன்றிலிருந்து மடத்தில் இதே விளையாட்டுதான். குழம்பில் காரம் கூடினால், "இன்னைக்குச் சமையல் நெருப்புடி" என்று சிரித்தார்கள். வடிவு காற்று. ஆவுடை மண். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

காற்று ஓயாமல் வீசினால் மண் வறண்டுபோகும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். வடிவு ஒரு வாரம் யோசித்தாள். பிறகு தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் பக்கத்துக் குடிலுக்குப் போய்விட்டாள். தலையணையை ஆவுடைதான் தூக்கிவந்து கொடுத்தாள்.

இப்போது ஊருக்கே போகிறாள்.

குரு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அக்கா."

"ஒருத்தரோட சுபாவம் தெரிஞ்சபிறகு, அதுக்கு ஏத்தமாதிரி நடந்துக்கிடறதுதானே அன்பு?"

"ஆவுடையக்காவைப் பத்தியா?"

"அவளுக்குத் தனிமை வேணும்னுதான் நான் குடில் மாறினேன். இப்ப ஒரேயடியாப் போறா. போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வருது. சொன்னா அவ சுபாவத்துக்கு விரோதமாயிடுமேன்னு இருக்கு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவ என்னைக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கா அம்மா? எனக்குத் தெரியாதா அவளை?"

குரு துடைப்பத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்தார்.

"சாப்பாட்டு நேரமாச்சு. மோர் நீங்கதானே?"

"எப்பவும் நான்தானே."

மடத்தில் பந்தியில் பேச்சு கிடையாது. எது வேண்டாமோ, அதற்கு இலைமேல் கையை வைத்தால் போதும். பரிமாறுகிறவர்கள் ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டார்கள். யாருக்கு ரசம் கூடாது, யாருக்கு ஊறுகாய் ஆகாது என்பதெல்லாம் வடிவுக்கு மனப்பாடம். அது அவளுக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

வரிசையில் ஆவுடையின் இலை காலியாக இருந்தது. சாப்பிட வரவில்லை. வடிவு அதைப் பார்க்காததுபோலக் கடந்து, கடைசியில் இருந்த குருவின் இலையையும் வழக்கம்போலத் தாண்டினாள்.

"எனக்கு?"

பந்தி முழுக்க நிமிர்ந்தது. பேசியது குரு. சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வடிவு திரும்பி வந்தாள். ஊற்றினாள். குரு பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டார். வழிந்ததைக்கூட விரலால் வழித்துக்கொண்டார். இலையை எடுத்துப்போட்டுக் கை கழுவ வந்தபோது வடிவு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான் மோர் ஆகாதே அம்மா?"

"யார் சொன்னா?"

"நான் முதல்முதலா மோர் எடுத்துட்டு வந்த அன்னைக்கு இலைமேல கை வச்சீங்களே!"

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தனை வருஷமா... ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"மறுநாள் கேட்கலாம்னுதான் இருந்தேன். என்னைத் தாண்டிப் போறப்ப உங்க முகத்தைப் பார்த்தேன் அக்கா. இவங்களை நமக்கு நல்லாத் தெரியும்கிற சந்தோஷம் அதுல இருந்தது. அதைக் கெடுக்க மனசு வரலை."

"ஆசையா இருக்காதா?"

"தினமும் இருந்தது."

வடிவு மோர்ச் செம்பைக் கழுவ எடுத்தாள். விடுதியின் அந்த அறை நினைவுக்கு வந்தது. எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் வடிவு ஊர்க்கதை சொல்வாள், பக்கத்துக் கட்டிலிலிருந்து 'உம்' மட்டும் வரும். ஒரு நாள் பேசிப் பேசி அவளுக்கே அலுத்துவிட்டது. 'பாவம், இவ தூங்கட்டும்' என்று நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசைகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் அந்தக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அப்புறம் என்னாச்சு?"

வடிவு மோர்ச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

ஆவுடை குடிலில் உட்கார்ந்து துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆவுடை, உனக்குப் போகணும்னு இருக்கா?"

"இது என்ன புதுசா கேக்கே? நீ குடில் மாறினப்ப என்கிட்டக் கேட்டியா?"

"கேக்கல."

"ஓயாமப் பேசுவே. கேக்க வேண்டியதை மட்டும் கேக்கமாட்டே."

"இப்பக் கேக்கேன். போகணும்னு இருக்கா?"

ஆவுடை வாசலைப் பார்த்தாள். வடிவைப் பார்த்தாள். பிறகு மூட்டையின் முடிச்சில் பல்லை வைத்து அவிழ்த்தாள்.