தலைவரின் ராஜினாமா

சோழிங்கநல்லூரில் பதினான்கு மாடிக் கட்டடத்தில் முகிலகம் சிஸ்டம்ஸ் என்றொரு பெரிய மென்பொருள் நிறுவனம். அதன் தலைவர் சிதம்பரநாதன் அங்கே ராஜா மாதிரி. வெளிநாட்டில் எந்த முதலாளி எதைச் செய்தாலும், மறு வாரமே இங்கேயும் அது நடந்தாக வேண்டும்.

ஒருநாள் உத்திப் பிரிவின் தலைவர் அகிலேஷ் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். எல்லோரையும் தினமும் ஆபீசுக்கு வரச் சொல்லலாம். வர முடியாதவர்கள் தாங்களாகவே போய்விடுவார்கள். ஆட்குறைப்பு என்று பத்திரிகையில் பெயர் கெடாது. தலைவருக்கு உள்ளம் குளிர்ந்தது. மூன்று மாதத்தில் ஐம்பது நாளாவது வாசலில் அடையாள அட்டை பதியாமல், அதற்குத் தகுந்த விளக்கமும் தராதவர்கள் வேலையை விட்டதாகக் கருதப்படுவார்கள் என்று உத்தரவு தயாரானது. ‘பதவி வித்தியாசம் இன்றி அனைவருக்கும் பொருந்தும்’ என்று தலைவர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். படிக்கக் கம்பீரமாக இருந்தது.

மூன்று மாதம் கழிந்தது. பட்டியல் எடுக்கும் வேலை மனிதவளப் பிரிவின் குமுதவல்லிக்கு வந்தது. அறுநூற்றுப் பதினொரு பெயர்கள். அதில் தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சொர்ணமும் ஒருத்தி. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைக் கவனித்துக்கொண்டே, ஒரு வங்கியின் கணினிகளை மூன்று வருடமாக ஒரு நிமிடம்கூட நிற்கவிடாதவள். குமுதவல்லிக்கு மனசு கேட்கவில்லை. பட்டியலில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்த விளக்கங்களோடு அகிலேஷிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். இயந்திரத்துக்கு இரக்கமும் கிடையாது, ஓரவஞ்சனையும் கிடையாது, அது காட்டும் பெயர்களுக்குக் கடிதம் அடித்தால் போதும் என்று அவர் அனுப்பிவிட்டார்.

அவளும் அப்படியே செய்தாள்.

மறுநாள் நிர்வாகக் கூட்டம். கடிதக் கட்டை எடுத்துப் போய், மேலே இருந்ததைத் தலைவர் முன் வைத்தாள். தாங்களாகவே விலகியதை ஏற்றுக்கொள்கிறோம், இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி என்று அதில் இருந்தது. தலைவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

“பெயரை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க, சார்” என்றாள் குமுதவல்லி.

பார்த்தார். அவருடைய பெயர்தான்.

“மூணு மாசத்துல நீங்க நாலு நாள்தான் வந்திருக்கீங்க, சார்.”

அகிலேஷ் மேஜைக்கடியில் குனிந்து பேனாவைத் தேட ஆரம்பித்தார். அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

தலைவரின் முகம் சிவந்தது. “நான் எங்க இருந்தாலும் வேலை நடக்குதும்மா. விமானத்துலயும் நடக்குது. வேலை முடியுதான்னு பாக்கணும், நாற்காலியில ஆள் இருக்கான்னா பாப்பாங்க?”

குமுதவல்லி அதை வரி விடாமல் எழுதிக்கொண்டாள். இதைத் தகுந்த விளக்கமாக ஏற்றுக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டாள்.

“ஏத்துக்கத்தான் வேணும்.”

“சரிங்க சார். மத்த அறுநூத்திப் பத்துப் பேரும் இதையேதான் எழுதிக் கொடுத்திருக்காங்க. எல்லாத்தையும் ஒரே கோப்புல போட்டுடறேன்.”

சிதம்பரநாதன் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கட்டு மொத்தமும் கிழிந்து குப்பைக்குப் போனது.

அன்று மாலை எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது: எதிர்காலத்தை முன்கூட்டியே உணர்ந்து, ஆபீஸ் உத்தரவைத் தலைவர் துணிச்சலாக ரத்து செய்திருக்கிறாராம். எழுதியவர் அகிலேஷ்.

குமுதவல்லிக்கு அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் கேடயம் கிடைத்தது. அவளைப் பாராட்டி அரை மணி நேரம் பேசியவரும் அகிலேஷ்தான், தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தபடி, காணொளியில்.