கார்டும் காரும்

யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம் என்கிற தொலைபேசி மென்பொருளுக்கு, ஆபீஸ் போன் லைன்களை இணைக்கும் மூன்று லைன் கார்டுக்கும், கார்டை இயக்கும் புரோகிராமான டிரைவரைத் தனித்தனியாக எழுதியிருந்தாள் பெனாசிர். ஒன்று படுத்தாலும் மற்றவை பேசும்.

டைரக்டர் தணிகாசலம் எகிறினார். "மூணு கார்டுக்கு மூணு டிரைவரா? என் வீட்ல மூணு காருக்கு ஒரே டிரைவர்! ஒண்ணாக்கு, இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு!"

"உங்க வீட்ல மாதிரியே பண்ணிடறேன் சார்."

மறுநாள் டைரக்டர் பெரிய கஸ்டமரிடம் போனில் குழைந்துகொண்டிருக்கையில் ஆபீஸ் போன் அத்தனையும் செத்தன.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு கார்டு மக்கர் சார். இருக்கிற ஒரே டிரைவர் அதோட மல்லுக்கட்டுது."

அவர் கத்துவதற்குள் செல்போனில் மனைவி கத்தினாள்: "டிரைவர் பஞ்சரான வண்டியோட நடுரோட்டில நிக்கிறான். வீட்ல ரெண்டு கார் இருந்தும் கல்யாணத்துக்கு ஆட்டோவுலயா போறது?"

தணிகாசலம் நெற்றியைத் துடைத்தார். "இனிமே ஒண்ணுக்கு ஒரு டிரைவர்."

"கார்டுக்கா சார், காருக்கா?"